பயணி கட்டும் நூறு டாலர் பவளப்பாறைக்குப் போய்ச் சேருகிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: சுற்றுலாப் பயணிகளிடம் சுற்றுச்சூழலுக்கென்று தனியாக வரி வாங்குவது நியாயமா? அப்படி வாங்கிய பணம் எங்காவது உண்மையிலேயே காட்டுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா, அல்லது கஜானாவில் கலந்து காணாமல் போய்விடுகிறதா? நம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருந்துமா?

நியாயமா என்ற முதல் பகுதிக்கு நீண்ட விடை தேவையில்லை. ஒரு மலைக்கோ தீவுக்கோ போகிறவரிடம் விமான நிறுவனம் தன் விலையை வாங்கிக்கொள்கிறது, விடுதிக்காரர் தன் வாடகையை வாங்கிக்கொள்கிறார், டாக்ஸி ஓட்டுநரும் படகுக்காரரும் தங்களுக்குரியதைப் பெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவரை அவ்வளவு தூரம் வரவழைத்த சோலைக்காடோ பவளப்பாறையோ எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. அவர் விட்டுச்செல்லும் கழிவுநீரையும் குப்பையையும் அள்ளுகிற செலவு, அங்கேயே குடியிருந்து வீட்டுவரி கட்டுகிறவரின் தலையில் விழுகிறது. தன் செயலால் பிறருக்கு ஏற்படும் செலவை அவரவரே ஏற்க வேண்டும், அதற்கு வரி ஒரு வழி என்று ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகு நூறாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். சிக்கல் இருப்பது இரண்டாவது கேள்வியில்தான். பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே என் விடை. ஆனால் அது எல்லா இடங்களிலும் நடக்கவில்லை. பணம் எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, யார் கையால் போக வேண்டும் என்பதைச் சட்டம் தொகையோடு எழுதிவைத்த இடங்களில் அது நடந்திருக்கிறது. எவ்வளவு வசூலிக்கிறார்கள் என்பதைவிட இது பெரிய விஷயம்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நாடு பலாவு. மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே, முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000 மட்டுமே. நம் ஊரில் ஒரு பேரூராட்சியில் இருக்கிற கூட்டம்தான். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அதைப்போலப் பல மடங்கு பயணிகள் ஆண்டுதோறும் அங்கே வந்துபோனார்கள். தண்ணீருக்கடியில் முத்துக்குளிப்பவர்போல் மூழ்கிப் பவளப்பாறைகளையும் சுறாக்களையும் பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் அவர்கள். கடல் கெட்டால் வருமானமும் கெடும் என்பது அங்கே பொருளியல் பாடமாகச் சொல்லித்தர வேண்டிய செய்தியே அல்ல.

பலாவுக்குள் நுழையும்போது நடப்பதை அருகில் நின்று பார்ப்பது பயன் தரும். 2017 டிசம்பரிலிருந்து, குடிநுழைவு அதிகாரி வருகிறவரின் கடவுச்சீட்டில் ஒரு பக்கம் முழுவதையும் அடைக்கும் முத்திரையைப் பதிக்கிறார். அதில் இருப்பது ஓர் உறுதிமொழி. அது அரசை விளித்து எழுதப்படவில்லை, பலாவின் குழந்தைகளை விளித்து எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் விருந்தாளியாக வந்திருக்கிறேன், உங்கள் தீவு வீட்டைக் காப்பேன், எனக்குக் கொடுக்கப்படாததை எடுக்கமாட்டேன் என்ற பொருளில் அமைந்த அந்த வரிகளின் கீழே பயணி கையெழுத்திட்ட பிறகுதான் உள்ளே போகலாம். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று கட்டுகிறவருக்குத் தெரிந்திருப்பது, அந்தப் பணம் வேறு வழியில் போகும்போது கேள்வி கேட்கிற உரிமையையும் அவருக்குத் தருகிறது.

பணத்தின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. மீன் குறைந்தால் ஊர்த்தலைவர்கள் பாறைப்பகுதியின் ஒரு துண்டை அடைத்துவைத்து, மீன்வளம் திரும்பும்வரை அங்கே யாரும் வலைவீசக் கூடாது என்று அறிவிக்கும் பழைய வழக்கம் பலாவில் உண்டு. அந்த வழக்கத்தைத் தழுவி, 2003-இல் காப்பிடங்களின் வலைப்பின்னல் ஒன்றுக்குச் சட்டம் இயற்றினார்கள். கடலும் நிலமும் அங்கே உள்ள பதினாறு மாநிலங்களின் பொறுப்பில் இருப்பதால், எந்தப் பகுதியைக் காப்பிடமாக வைப்பது என்பதை மாநிலமே முடிவுசெய்து வலைப்பின்னலில் சேர்க்கலாம். சட்டம் வந்துவிட்டது, காவலர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி நின்றது. 2009-இல் நாட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் 15 டாலர் பசுமைக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 2012-இல் அது 30 டாலராயிற்று. 2018 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்தையும் புறப்பாட்டு வரியையும் எடுத்துவிட்டு, 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் ஒன்றை விமானச் சீட்டின் விலைக்குள்ளேயே சேர்த்தார்கள். பயணி வரிசையில் நின்று ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை. வசூலிக்கும் இடத்தில் பணம் கசிவதற்கும் வழியில்லை.

அந்த 100 டாலர் எப்படிப் பிரிகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 30 டாலர் காப்பிட வலைப்பின்னல் நிதியத்துக்குப் போகிறது. 10 டாலர் மீன்வளக் காப்பு நிதியத்துக்கு. 12.50 டாலர் மாநில அரசுகளுக்கு. 25 டாலர் விமான நிலையத்தின் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும். எஞ்சிய 22.50 டாலர் தேசியக் கருவூலத்துக்கு. சுற்றுச்சூழலின் பெயரால் வாங்கும் நூறில் நாற்பதுதான் நேரடியாக இயற்கைக்குப் போகிறது, விமான நிலையத்துக்கும் கருவூலத்துக்கும் ஏன் பங்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்க முடிவதே பங்கீடு சட்டத்தில் டாலர் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால்தான். பங்கு தெரியாத இடத்தில் சந்தேகப்படலாமே தவிர, வழக்காட முடியாது.

காப்பிட நிதியம் அரசின் ஒரு துறையாக இல்லாமல் தனிக் குழுவால் ஆளப்படும் தனி அமைப்பாக இருப்பதும் முக்கியம். பணம் வேண்டும் மாநிலம் தன் காப்பிடத்துக்கு மேலாண்மைத் திட்டத்தையும் வரவு செலவையும் எழுதித் தருகிறது; நிதியம் அதைப் பார்த்துக் காவலர் சம்பளம், ரோந்துப் படகின் எரிபொருள், பவளத்தையும் மீனையும் கணக்கெடுக்கும் பணி போன்றவற்றுக்குப் பணம் தருகிறது. இரவு பதினொரு மணிக்குத் தடைசெய்யப்பட்ட பாறையருகே விளக்கணைத்து நிற்கும் படகை விரட்டப் போக வேண்டுமானால், தொட்டியில் எரிபொருளும், போகிறவருக்கு மாதச் சம்பளமும் இருந்தாக வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு என்று நாம் பெரிய சொற்களில் பேசுவது, கடைசியில் இந்த இரண்டுமாகத்தான் வந்து நிற்கிறது. திறப்புவிழா நடத்த முடியாத செலவுகள் இவை. அதனால்தான் பொது வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படுகின்றன, அதனால்தான் இவற்றுக்குத் தனி வருவாய் வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் செய்ய முடியாதவற்றையும் மறைக்கக் கூடாது. பலாவின் தென்பகுதியில், உலகப் பாரம்பரியக் களமாக 2012-இல் அறிவிக்கப்பட்ட பாறைத்தீவுக் கூட்டத்துக்குள், கடலிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிய ஓர் உப்புநீர் ஏரி இருக்கிறது. நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன்கள் அதில் லட்சக்கணக்கில் வாழ்கின்றன. பொன்னிறமான அவை காலையில் சூரியன் எழும் பக்கம் நீந்திப் போய், மாலையில் எதிர்ப்பக்கம் திரும்பிவருகின்றன. அவற்றின் கொட்டு மனிதத் தோலுக்கு உறைப்பதே இல்லை என்பதால் பயணிகள் நடுவில் மிதந்து பார்க்கிறார்கள். நாட்டுக் கட்டணம் தவிர, இந்த ஏரிக்குப் போகக் கொரோர் மாநிலமும் தனியாக அனுமதிச்சீட்டு விற்கிறது. அவ்வளவு காவல் இருந்தும், 2016-இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்ற நிகழ்வு கொண்டுவந்த கடும் வறட்சியில் ஏரிநீரின் தன்மை மாறி, அந்தச் சொறிக் கூட்டம் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோயிற்று. பின்னர் மெல்ல மெல்ல மீண்டது. கட்டணத்தால் மிதித்து நாசமாக்கும் கால்களைக் கட்டுப்படுத்தலாம், திருட்டு வலையைத் தடுக்கலாம். பசிபிக் பெருங்கடலின் வெப்பத்தை நூறு டாலரால் குறைக்க முடியாது. உள்ளூர்க் கட்டணத்தைக் காலநிலை மாற்றத்துக்கான விடையாகக் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு பலவீனம் 2020-இல் வெளிப்பட்டது. எல்லைகள் மூடப்பட்டன, விமானங்கள் நின்றன, பயணியோடு சேர்ந்து கட்டணமும் நின்றுபோயிற்று. ஆனால் காவலருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருக்க முடியாது. வேலையிழந்தவர்கள் கடலை நம்பித் திரும்பும் அந்த நேரத்தில்தான் காவல் அதிகமாகத் தேவைப்படும். நல்ல ஆண்டுகளில் வரும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் மூலதனமாக வைத்து, அதன் வட்டியில் கெட்ட ஆண்டுகளைத் தாண்டும் ஏற்பாடு இல்லாத சுற்றுலா வரி பாதி வரிதான். 2006-இல் பலாவும் அண்டைத் தீவு அரசுகளும் சேர்ந்து மைக்ரோனீசிய அறைகூவல் என்ற உடன்பாட்டைச் செய்துகொண்டபோது அத்தகைய நிரந்தர நிதி ஒன்றையும் சேர்த்தே திட்டமிட்டது அதனால்தான் எனக்கு மிகுந்த முன்யோசனையாகத் தெரிகிறது.

மற்ற இடங்களின் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈக்வடாரின் கலாபகசுத் தீவுகளுக்கு 1998-இல் வந்த சிறப்புச் சட்டம், நுழைவுக் கட்டணத்தில் 40 விழுக்காடு தேசியப் பூங்காவுக்கு, 20 விழுக்காடு நகராட்சிகளுக்கு என்று பங்கிட்டு எழுதியது. பாதை தெளிவாக இருந்தது. ஆனால் வெளிநாட்டவருக்கு 100 டாலர் என்ற தொகையை 2024 ஆகஸ்ட் வரை யாரும் தொடவில்லை. இருபத்தாறு ஆண்டு விலைவாசி உயர்வில் அந்த நூறின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்ட பிறகே அது 200 ஆக உயர்ந்தது. தொகையைச் சட்டத்தில் எழுதுகிறவர்கள், விலைவாசியோடு அது தானாக உயரும் விதியையும் அதே மூச்சில் எழுதியாக வேண்டும்.

பூட்டானின் அனுபவம் வேறு வகை. 1974-இல் கதவைத் திறந்த நாளிலிருந்தே குறைந்த எண்ணிக்கை, உயர்ந்த மதிப்பு என்ற கொள்கையைப் பிடித்துவரும் அந்த நாடு, ஓர் இரவுக்கு 65 டாலராக இருந்த நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 2022 செப்டம்பரில் 200 டாலராக்கியது. ஓராண்டுக்குள் அதை 100 டாலராகக் குறைக்க வேண்டிவந்தது. 2019-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த வருகை 2023-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்தது. வழிகாட்டிகளும் சிறு விடுதிக்காரர்களும் தவித்தார்கள். கூட்டத்தைக் குறைப்பதற்கான விலை வேறு, நிதி திரட்டுவதற்கான விலை வேறு. ஒரே கட்டணத்தை வைத்து இரண்டையும் அடைய நினைத்தால், ஒன்று வெற்றிபெறும்போது மற்றது தோற்கும். இந்தியர்கள் அங்கே 2020 முதல் இரவுக்கு ₹1,200 கட்டுகிறார்கள், அதற்கு முன் அவர்களுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினின் மயோர்க்கா, இபிசா முதலிய பலேயாரிக் தீவுகளில் 2002-இல் வந்த சூழல்வரி, ஆட்சி மாறியதும் 2003-இல் எடுக்கப்பட்டது. விடுதி முதலாளிகளின் எதிர்ப்பே அதற்குப் பெருங்காரணம். 2016-இல் அது திரும்பிவந்தபோது, இயற்கையோடு பாரம்பரியச் சின்னங்கள், ஆராய்ச்சி, வேலைப்பயிற்சி என்று செலவழிக்கக்கூடிய தலைப்புகளும் விரிந்திருந்தன. தலைப்புகள் விரிய விரிய, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு மெலியும். பலாவின் நாற்பது டாலர் எனக்கு ஏன் மதிப்பாகத் தெரிகிறது என்பது இப்போது விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பசுமை வரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்கு எழும் அவநம்பிக்கை காரணமற்றது அல்ல. 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு ₹50 என்று தூய ஆற்றல் செஸ், அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரி, விதிக்கப்பட்டது. படிப்படியாக ஏறி 2016-இல் ₹400 ஆனது. தூய ஆற்றலுக்கென்று தனி நிதியமும் இருந்தது. ஆனால் செஸ்ஸாக வசூலாகும் பணம் முதலில் மத்திய அரசின் பொதுக் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதிக்குள்தான் போகும். அங்கிருந்து நாடாளுமன்ற ஒப்புதலோடு எடுத்துத் தந்தால்தான் நிதியத்துக்கு வரும். வசூலானதில் ஒரு பகுதிதான் அப்படி வந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ்ஸையே எடுத்துவிட்டு, அதே ₹400-ஐ மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாற்றினார்கள். நிலக்கரியில் ஒட்டியிருந்த தொகை மாறவில்லை, அது போகும் இடம் மட்டும் ஒரே நாளில் மாறிவிட்டது. இயற்கைக்கென்று மக்கள் கட்டிய பணம் இப்படித் திசைமாறியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நீலகிரியில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது, அது நம் ஆட்களே செய்துகாட்டியது. குடித்துவிட்டுக் காட்டில் எறியும் மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததன் பேரில், 2022 மே மாதம் முதல் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ₹10 கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். அந்த மலைச்சாலைகளில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம்: வளைவோரத்துத் தேயிலைப் புதருக்குள் கையைவிட்டு, அடையாள வில்லை ஒட்டிய பாட்டிலை எடுத்து, சிமெண்டுச் சாக்கில் போட்டுக்கொண்டு நடக்கும் முதியவரை. எறிந்தவர் விட்டுவிட்ட பத்து ரூபாய் அவருக்கு, பாட்டில் இல்லாத காடு யானைக்கு. அரசுக்கு இதில் பெரிய வருமானம் இல்லை; ஆனாலும் கட்டணம் தன் வேலையைச் செய்துவிட்டது, ஏனென்றால் சேதம் விளைவிக்கும் பொருளின்மேலேயே அதை வைத்தார்கள்.

வாகன நெரிசலுக்கும் இதே முறையில் யோசிக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வாகன வரம்பும் வைத்தார்கள். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. எந்த வகை வாகனம், எத்தனை பேர், எத்தனை நாள் என்ற விவரங்கள் ஏற்கெனவே அதில் பதிவாகின்றன. ஆகவே கட்டணம் வாங்க முடிவெடுத்தால் புதிதாக ஒரு சுங்கச்சாவடி கட்ட வேண்டியதில்லை. கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் மணாலியில் வெளிமாநிலக் காருக்கு ₹200, பேருந்துக்கு ₹500 பசுமை வரி வாங்கும் முறையைப் பாருங்கள்: காரில் நான்கு பேர் வந்தால் தலைக்கு ₹50, பேருந்தில் ஐம்பது பேர் வந்தால் தலைக்கு ₹10. திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து வருவதையும், இரண்டு பேர் மட்டும் பெரிய காரில் வருவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அரசுப் பேருந்தில் வருகிறவரிடம் எதுவுமே வாங்கக் கூடாது என்பேன். மலைக்கு அவர் செய்யும் உதவி அது. கோயம்புத்தூர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் உள்ளூர்க்காரரின் டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸில் ஏற்கெனவே இருக்கும் விலக்கு கட்டணத்திலும் தொடர வேண்டும்.

வாங்கிய பணம் எதற்கு என்பதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘சுற்றுச்சூழல் மேம்பாடு’ என்று எழுதினால் அதற்குள் பூங்கா வளைவும் வரும், செல்ஃபி மேடையும் வரும். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊட்டி ஏரியில் கலக்கும் கழிவுநீரைச் சுத்திகரிக்க இத்தனை விழுக்காடு, தீட்டுக்கல் கிடங்கில் குவியும் குப்பையைப் பிரிக்க இத்தனை, காட்டை மூடும் உன்னிச்செடியையும் சீகை மரத்தையும் அகற்ற இத்தனை, மே மாதப் பருவத்தில் கூடுதல் தூய்மைப் பணியாளர்களின் கூலிக்கு இத்தனை என்று எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 88,000 பேர் வாழ்ந்த ஊட்டி நகராட்சி, தன் மக்களைப்போலப் பல மடங்கு விருந்தினரின் கழிவைத் தன் சொந்த வரியால் சமாளிக்க முடியாது. பணம் மாவட்ட அளவில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதைச் செலவிடும் குழுவில் நகராட்சி, ஊராட்சிகள், வனத்துறை, பழங்குடி மக்களின் பிரதிநிதிகள் ஆகியோர் இருக்க வேண்டும். தணிக்கைக்கு உட்பட வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியைத் தாண்டும் பயணியின் கைபேசிக்கு வரும் ரசீதிலேயே, அவர் கட்டிய ரூபாயில் எத்தனை காசு கால்வாய்க்கு, எத்தனை காசு குப்பைக்கு என்ற பங்கீடும், சென்ற மாதம் செலவான தொகையும் அச்சாகி வர வேண்டும்.